செவ்வரத்தைக்கு வருவது எந்தத் தேன்சிட்டு?

மட்டக்களப்புப் பக்கம் கல்லடியோ களுவாஞ்சிக்குடியோ, செவ்வரத்தை பூத்து நிற்கிற வளவுக்குத் தேன்சிட்டு வராமல் இருக்காது. அதைப் படம் எடுத்து ‘ஹம்மிங் பேர்ட்’ என்று பகிர்கிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே எங்குமே இல்லை. இங்கே வருவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, நீள அலகுத் தேன்சிட்டு என்ற மூன்றில் ஒன்றுதான்.

ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணில் குழப்பமே இல்லை. வயிறு பளிச்சென்று மஞ்சள், முதுகு அரக்கு நிறம். பெயரில் உள்ள ஊதாவைத் தேடி மினக்கெட வேண்டாம், வெயில் வாகாக விழுந்தால்தான் அது மின்னும்.

சிக்கல் மற்ற இரண்டில்தான். தூரத்தில் பார்த்தால் இரண்டின் ஆணும் வெறும் கறுப்பு. நான் நிறத்தை விட்டுவிட்டு அலகைத்தான் முதலில் பார்ப்பேன். அது தலையைவிட நன்றாக நீண்டு, அரிவாள் மாதிரி வளைந்திருந்தால் நீள அலகுத் தேன்சிட்டு. அதன் வயிறும் மங்கலான கபில நிறம். 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரில் ‘லோட்டன் தேன்சிட்டு’ என்றும் இதைச் சொல்வார்கள். அலகு குட்டையாக இருந்து வயிறும் கருநீலமாக இருந்தால் ஊதாத் தேன்சிட்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இந்த ஆண் உடுப்பை மாற்றிவிடும்: கீழே மஞ்சள், தொண்டையிலிருந்து வயிறுவரை நடுவே ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோலத்தில் கண்டால் வேறெந்தச் சிட்டோ என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்றும் தேனோடு சிலந்தியும் சிறு பூச்சியும் தின்னும். பெரிய பூ என்றால் வாய்ப்பக்கம் போகாமல், அடியில் அலகால் துளை போட்டு உறிஞ்சுவதும் உண்டு. உங்கள் செவ்வரத்தைப் பூவின் அடியைப் புரட்டிப் பாருங்கள், ஊசி குத்தினது போன்ற ஓட்டை தெரியலாம்.

வீட்டோடு ஒட்டி வாழ்வதில் எனக்குப் பிடித்தது ஊதாப்பிட்டம்தான். விறாந்தைப் பக்கம் தொங்கும் உடுப்புக் கொடியிலும் தயங்காமல் கூடு கட்டும். கட்டுவது பெண். சிலந்தி வலையையும் மெல்லிய நாரையும் பின்னித் தொங்கவிட்டு, மேலே மரப்பட்டைத் துண்டும் பாசியும் ஒட்டி வைக்கும். காய்ந்த குப்பை சிக்கித் தொங்குகிறது என்று நினைத்து விளக்குமாற்றால் தட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டில் ஓட்டையும் அதற்கு மேலே சின்னத் தாழ்வாரமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். முட்டை பெரும்பாலும் இரண்டு, குஞ்சு பொரிக்க இரண்டு வாரமளவு செல்லும். குஞ்சுகள் பறக்கும்வரை உடுப்புக் காயவைக்க வேறு கொடி கட்டிக்கொள்ளலாம்.

பெண்களைப் பிரிப்பது கொஞ்சம் கஷ்டம். தொண்டை சாம்பல் கலந்த வெள்ளையாகவும் நெஞ்சு மஞ்சளாகவும் இருந்தால் ஊதாப்பிட்டம். தொண்டையிலேயே மஞ்சள் தொடங்கினால் மற்ற இரண்டில் ஒன்று, அங்கேயும் அலகைத்தான் கேட்கவேண்டும். அப்படியும் பிடிபடாவிட்டால் ஆண் வரும்வரை பொறுத்திருங்கள், சோடி பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்கும்.