"இப்பெல்லாம் சத்தமே இல்லீங்ணா" என்று ஏஜென்சி சொன்னால் உடனே போய்ப் பாருங்கள்

மறதி நோய் வந்த பெரியவர்களைப் பார்க்க வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நிறைய வந்துவிட்டன. பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெரியவர்கள் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் குடும்பங்கள்தான் இவர்களுக்கு வாடிக்கை. நன்றாகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பதிவு மற்றவர்களைப் பற்றியது.

ஈரோடு மாவட்டம் கோபி பக்கம் ஒரு வீட்டில் நடந்தது இது. அமுச்சிக்கு (பாட்டிக்கு) 78 வயது, அல்சைமர் என்ற மறதி நோய். பொழுது சாய்ந்தால் "எங்க ஊட்டுக்குப் போகோணும்" என்று வாசலுக்கு நடப்பார். ராத்திரியில் தூக்கம் இல்லை. நர்ஸ் அனுப்புவதாகச் சொல்லி மாதம் 26,000 ரூபாய் பேசிய ஏஜென்சி, முன்பணத்தைத் தனிநபர் எண்ணுக்கு ஜிபேயில் வாங்கிக்கொண்டது. ரசீது தரவில்லை. வந்த பெண் நர்சிங் படித்தவரே இல்லை. சீக்கிரமே போனில், "இப்பெல்லாம் சத்தமே இல்லீங்ணா, நல்லாத் தூங்கறாங்க" என்றார்கள். மகனும் நிம்மதியானார்.

பேத்தி வந்து பார்த்தபோது பகல் 11 மணிக்கும் அமுச்சி கண் திறக்கவில்லை. வாயோரம் எச்சில். முழங்கையை மடக்கினால் விறைப்பு. முதுகில், மறதி நோய்க்குத் தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் மருந்துப் பேட்ச் மூன்று ஒட்டியிருந்தன. வால் எலும்பில் ஒரு புண், அதன்மேல் முகப் பவுடர் அப்பி வைத்திருந்தார்கள்.

மாத்திரைக் கணக்கைப் பார்த்ததும் விஷயம் வெளியே வந்தது. டாக்டர் எழுதியது, மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் 0.5 மில்லிகிராமில் ராத்திரி அரை மாத்திரை. பத்து மாத்திரை அட்டை 20 நாள் வர வேண்டும். மூன்று வேளையும் முழு மாத்திரை கொடுத்ததால் நான்காம் நாளே தீர்ந்திருக்கிறது. பழைய சீட்டைக் காட்டியே மறுபடி மறுபடி வாங்கியிருக்கிறார்கள். மருந்துக் கடை பில்களைத் தேதி வாரியாக அடுக்கினாலே போதும், இது தெரிந்துவிடும். கேமராவில் தெரியாது, படுத்திருப்பது மட்டும்தான் அதில் தெரியும். டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் உயிரிழப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்திருக்கிறது. டாக்டர் குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு எழுதுவது வேறு. பார்த்துக்கொள்ள வந்தவர் தன் தூக்கத்துக்காகக் கொடுப்பது வேறு.

பேட்ச் விஷயமும் சின்னதல்ல. 24 மணி நேரத்துக்கு ஒன்றுதான். பழையதை உரித்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும், அதே இடத்தில் 14 நாள் ஒட்டக் கூடாது. பழையதும் சேர்ந்து இருந்தால் மருந்து மிகுந்து வாந்தி வரும், நாடித்துடிப்பு குறையும், மயக்கம் வரும். ஒட்டும்போது பேட்சின் மேலேயே தேதி எழுதச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். திடீரென்று அமைதியானவர்கள் எல்லோரும் மாத்திரையால் அமைதியானவர்கள் இல்லை. சிறுநீர்த் தொற்று முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வரும். பிரஷர் மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் (உப்பு) குறைந்தாலும், மலச்சிக்கல் முற்றினாலும், சில வாரம் முன்பு விழுந்ததில் மூளைக்கு மேல் ரத்தம் கசிந்திருந்தாலும் இப்படித்தான் சுருண்டு படுப்பார்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்றால் முதலில் குளுக்கோமீட்டர். 70க்குக் கீழே இருந்தால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர். விழுங்காவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. பிறகு சோடியமும் சிறுநீரும் அன்றைக்கே பாருங்கள். கோபத்தில் எல்லா மாத்திரைகளையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். குளோனசிபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர் சொல்படிதான் குறைக்க வேண்டும்.

மயக்கத்தில் கிடப்பவர் தானாகப் புரளமாட்டார். அதனால்தான் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வாகப் படுக்க வைக்க வேண்டும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்க்கக் கூடாது, காற்று வளையமும் வைக்கக் கூடாது. சுற்றிலும் ரத்த ஓட்டம் நின்று புண் பெரிதாகும். வெடித்த புண்ணில் பவுடர், மஞ்சள், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். சலைன் தண்ணீரில் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள். மேலே எட்டணா அளவு தெரிகிற புண் உள்ளே குழியாக இருக்கும். ஏர் பெட் போட்டாலும் புரட்டியே ஆக வேண்டும்.

அரைத் தூக்கத்தில் ஊட்டுவதும் ஆபத்து. நிமிர்த்தி உட்கார வைத்து, நன்றாக விழித்த பிறகே அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைத்துச் சின்னக் கரண்டியால் கொடுக்க வேண்டும். முடித்த பின் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும்.

ஆள் வைக்கும்போது கேளுங்கள்: நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில் பதிவுச் சான்று எங்கே? ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம், பிஎஸ்சி நர்சிங் நான்கு வருடம். சில மாதப் பயிற்சி எடுத்தவர் உதவியாளர்தான், அதற்கேற்ற சம்பளம்தான். மாத்திரைகளை வாரப் பெட்டியில் வீட்டார்தான் பிரித்து வைக்க வேண்டும், மீதி பூட்டில். பணம் ஏஜென்சியின் வங்கிக் கணக்குக்கு மட்டும், பில்லோடு. உறவுக்காரர் ஒருவர் சொல்லாமல் போய், போர்வையை விலக்கி முதுகையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலி நிவாரணக் கவனிப்பும் வீட்டுக்கே இலவசமாக வரும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஏமாந்திருந்தால் புண்ணைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துத் தேதியோடு படம் எடுங்கள். காலி அட்டைகள், மருந்து பில்கள், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.