கூடை, பாலம், சின்னப் படகு: கப்பலுக்கும் எண்ணெய் மேடைக்கும் நடுவே

2005 ஜூலை 27. முந்தைய நாள் கொட்டிய 944 மில்லிமீட்டர் மழையில் மும்பை மூழ்கிக் கிடக்கிறது. கரையிலிருந்து 160 கிலோமீட்டர் தள்ளி, மும்பை ஹை எண்ணெய் வயலில் நிற்கும் 'சமுத்ரா சுரக்ஷா' கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரல் நுனியில் வெட்டு. மழையில் ஹெலிகாப்டர் வர வழியில்லை. கிரேன் கூடையில் வைத்து அவரை எண்ணெய் மேடைக்கு ஏற்றிவிடலாம் என்று முடிவாகிறது. காற்று மறைவான பக்கத்துக் கிரேன் வேலை செய்யவில்லை. அதனால் காற்றும் அலையும் மேடையை நோக்கித் தள்ளும் பக்கத்தில் கப்பல் நெருங்கியது. கப்பலைத் தள்ளி நகர்த்தும் விசிறியான திரஸ்டர் ஒன்றில் கோளாறு, கையால்தான் ஓட்டினார்கள். ஆளை ஏற்றியும் விட்டார்கள். அதன்பிறகு ஓர் அலை தூக்கியதில் கப்பலின் ஹெலிடெக் (ஹெலிகாப்டர் இறங்குதளம்), கடலடியிலிருந்து மேடைக்கு ஏறும் எரிவாயு ரைசர் குழாயில் போய் இடித்தது. இரண்டு மணி நேரத்துக்குள் மேடை எரிந்து கடலில் சரிந்தது. 22 பேர் மாண்டார்கள். தீப்பிடித்த கப்பலும் சில நாளில் மூழ்கியது.

இப்படி எண்ணெய் மேடைகளுக்குத் துணை நிற்கும் ஆதரவுக் கப்பல்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சின் குதிரைத்திறனையும், மணிக்கு எத்தனை டன் தண்ணீர் பீய்ச்சும் என்பதையும் பார்ப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. கப்பலுக்கும் மேடைக்கும் நடுவே உள்ள சில பத்து மீட்டரை மனிதன் எப்படிக் கடக்கிறான் என்பதை வைத்தே எடைபோட வேண்டும்.

கிரேன் கூடைதான் பழைய வழி. மலிவு, எங்கும் உண்டு. வலையைப் பிடித்தபடி வெளியே நின்று போகும் பழைய கூடைக்குப் பதிலாக, இருக்கையும் பெல்ட்டும் மிதவையும் உள்ள கூண்டு வந்துவிட்டது; தரையில் மோதும் அதிர்ச்சியை அது தாங்கும். ஆனால் உள்ளே இருப்பவருக்குத்தான் அது பாதுகாப்பு. கப்பல் கிரேனின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்ற அடிப்படைத் தொல்லை அப்படியே இருக்கிறது. மும்பை ஹையில் நடந்ததும் அதுதான்.

கப்பலை ஓரிடத்தில் நங்கூரமில்லாமல் நிறுத்தும் டைனமிக் பொசிஷனிங், சுருக்கமாக டிபி, இந்தத் தொல்லையைக் குறைக்கிறது. டிபி-1 வகையில் ஒரு கோளாறு வந்தாலே கப்பல் நகர்ந்துவிடலாம். டிபி-2 வகையில் ஒரு ஜெனரேட்டரோ திரஸ்டரோ போனாலும் மற்றவை தாங்கும். டிபி-3 வகையில் ஓர் அறை முழுக்கத் தீப்பிடித்தாலும் வெள்ளம் புகுந்தாலும் நிலை மாறக்கூடாது. மேடைக்கு ஒட்டி நிற்கப்போகும் கப்பலுக்கு டிபி-2க்குக் குறைந்து நான் ஒப்பமாட்டேன். ரைசர்களை, மேடையைத் தாங்கும் இரும்புக் கால்சட்டகமான ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் கொண்டுபோவதும், வெளியே இருந்தால் காப்புக் கம்பி அடிப்பதும் இதைவிட எளிய வேலை என்பது வேறு விஷயம்.

அடுத்தது பாலம். 1988 ஜூலை 6 இரவு, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்தபோது பக்கத்திலேயே 'தாரோஸ்' நின்றது. தீயணைப்பு, மருத்துவமனை, ஹெலிடெக், நீளும் கேங்வே (நடைபாலம்) எல்லாம் கொண்ட ராட்சத மிதவைக் கப்பல் அது. காகிதத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதன் பாலம் மெல்ல மெல்லத்தான் நீண்டது. நீர்ப்பீரங்கியை முழு வேகத்தில் அடித்தால் மேடையில் நிற்பவரையே கொன்றுவிடும். இரவு 10:50 வாக்கில் இன்னொரு எரிவாயுக் குழாய் வெடித்ததும் தாரோஸ் பின்வாங்க நேர்ந்தது. அன்று 167 பேர் இறந்தார்கள், 61 பேர் பிழைத்தார்கள்.

இன்றைய பாலம் வேறு ஜாதி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஆம்பல்மான் (பெர்லின் நகரச் சிக்னல் விளக்கில் நடந்துபோகும் பச்சை மனிதனின் பெயர்) ஆறு ஹைட்ராலிக் சிலிண்டர்கள் மேல் நிற்கிறது. விமானப் பயிற்சி சிமுலேட்டரைத் தலைகீழாக யோசித்தது போல: சிமுலேட்டர் அசையாத தரையில் அசைவை உண்டாக்கும், இது அசையும் கப்பலின் மேல் அசையாத தளத்தை உண்டாக்கும். ஆட்கள் நடந்தே மேடைக்குப் போகலாம். அன்றாடம் ஆள் மாற்றுவதற்கு இதற்கு இணை இல்லை. கூடையை ஓரங்கட்டியே ஆகவேண்டும். தீ நேரத்தில் மட்டும் நம்பமாட்டேன். பாலம் போட வேண்டுமானால் எரியும் மேடையின் அருகிலேயே கப்பல் நின்றாக வேண்டும். தாரோஸால் முடியாதது அதுதான்.

மிச்சம் இருப்பது சின்ன ரெஸ்க்யூ படகு. பெரிய கப்பல் தூரத்திலேயே நிற்கும். இறக்கிவிட்ட படகு மட்டும் நெருப்புக்குள் போகும். பைப்பர் ஆல்ஃபாவில் ஆபத்தில் ஆட்களை மீட்க மேடையருகே நின்ற 'சில்வர் பிட்' என்ற காவல் கப்பல், பழைய மீன்பிடிக் கப்பலை மாற்றியமைத்தது. மீட்பு வேலைக்கு லாயக்கில்லாதது என்று பிறகு விசாரணையில் விமர்சிக்கப்பட்டது. ஆனாலும் அதன் சின்னப் படகு திரும்பத் திரும்ப மேடையின் காலடிக்குப் போய் ஆட்களை அள்ளிவந்தது. அங்கே இருந்த இன்னொரு கப்பலான 'சாண்ட்ஹேவன்'-இன் படகுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே 10:50 வெடிப்பில் அழிந்தது. அதன் ஊழியர்கள் மூவரில் இருவரும் அதில் ஏற்றியிருந்தவர்களும் போனார்கள்.

இந்தப் படகின் பலவீனம் அலை. இறக்குவதைவிடத் திரும்ப ஏற்றுவது கடினம். அதனால்தான் இப்போதைய காவல் கப்பல்களில், மூடிய கேபினும் நீண்ட தூரம் தனியே ஓடும் திறனும் கொண்ட 'டாட்டர் கிராஃப்ட்' என்ற பெரிய மீட்புப் படகு வந்திருக்கிறது. விலை அதிகம்தான். பருவமழைக் கடலில் நான் பணம் போடுவது இதற்குத்தான், நீர்ப்பீரங்கிக்கு அல்ல.

2010 ஏப்ரல் 20 இரவு மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடித்தபோது அருகில் இருந்தது சரக்கேற்றும் சாதாரண சப்ளை கப்பல், 'டேமன் பேங்ஸ்டன்'. ரிக்கிலிருந்து, துளையிடப் பயன்படும் சேற்றுக் குழம்பை வாங்கிக்கொண்டிருந்த அது, குழாயைக் கழற்றிவிட்டு விலகி நின்று தன் படகை இறக்கியது. 126 பேரில் பிழைத்த 115 பேரும் வந்து சேர்ந்தது அந்தக் கப்பலுக்குத்தான். தப்பித்தவர்கள் ஏறிய ரப்பர் தெப்பம் ஒன்று எரியும் ரிக்கோடு கயிற்றால் கட்டுண்டு நகராமல் நின்றது. அறுக்க யாரிடமும் கத்தி இல்லை. அந்தச் சின்னப் படகிலிருந்துதான் கத்தி வந்தது.