கைக்கோடரியா, நுண்கல் கருவியா?

கற்கால மனிதர் கல்லை அடித்துச் செய்த கருவிகள் இவை: கைக்கோடரி கையில் பிடித்து வெட்டும் பெரியது, நுண்கல் கருவி தண்டில் பதிக்கும் சிறியது. மழை குறைந்த காலத்துக்கு எது ஏற்றது? முதலில் கல். காரைக்குடிச் செம்புராங்கல் இரண்டுக்குமே உதவாது. துளை நிறைந்தது, கூரிய சில்லாகப் பெயராது. அம்மி கொத்தும் கருங்கல்லோ பொடியாக உதிரும்.

கைக்கோடரிக்குக் குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உருமாறிய கெட்டிக்கல்) கூழாங்கல் ஏற்றது. சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை. விளிம்புக்கோணம் 90 பாகைக்குக் குறைவான இடத்தில்தான் அடிக்க வேண்டும்; கூடினால் சில்லு வராது. அடி வலுவில்லாவிட்டால் சில்லு பாதியில் முறிந்து படிபோல நிற்கும், அடுத்த சில்லும் அங்கேயே தடைபடும். வெட்ட, தோலுரிக்க ஒன்றே போதும், ஆனால் கனம்.

நுண்கல் கருவி பெரும்பாலும் 4 செ.மீ.க்குள், செர்ட் (நுண்மணிகளாலான கடினக்கல்), படிகக்கல்லில் செய்தது. ஓர் ஓரத்தை மழுக்கி, பிசினால் தண்டில் பதிப்பார்கள். உடைந்ததை மட்டும் மாற்றலாம். மழை குறைந்து, நீர் தேடி நெடுந்தூரம் நடந்த காலத்துக்கு என் ஓட்டு இதற்கே. வெறும் பிசின் நொறுங்கும். தேன்மெழுகோ காவிமண்ணோ கலந்தால் பிடிக்கும்.