குமரியும் புதுவையும்: ஒரே நவம்பர் 1, இரண்டு வரலாறு

இரண்டு இடத்திலும் பெரும்பாலோர் பேசுவது தமிழ். இரண்டுக்கும் நவம்பர் 1 முக்கியமான நாள். காரணம்தான் வேறு.

கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியாக இருந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கேரளத்தோடு போன தேவிகுளம், பீர்மேடு கிடைக்காத வருத்தம் இன்னும் ஆறவில்லை.

எல்லை மாறினாலும் பழைய உறவு அறுபடவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை குமரி மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது கேரள அரசு. நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதி அம்மன், மன்னரின் உடைவாளோடு திருவனந்தபுரம் புறப்படும். சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் உடன் செல்வார்கள். களியக்காவிளையில் கேரளத் தரப்பு வரவேற்கும். ஓணத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறையும் உண்டு.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியோ, இந்தியாவோடு சேர்ந்த பிறகும் தனித்து நிற்கவே போராடியது. 1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியா பக்கம். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது, சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். 1979-இல் அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு எழுந்ததும் ஊரே கொதித்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் இன்றும் பிரான்சின் தேர்தலில் வாக்களிக்கிறார்கள்.

என் பார்வையில் புதுவையின் தனித்தன்மையைக் காப்பது சட்டமும் சட்டமன்றமும். குமரியில் அந்த வேலையைக் கோயிலும் பேச்சுவழக்கும் செய்கின்றன.