கட்டணமில்லாத ஜெர்மனியா, ஒரே வருடத்தில் முடியும் பிரிட்டனா? ஒரு செலவுக் கணக்கு

மாஸ்டர்ஸ் படிக்க வெளிநாடு போக நினைக்கிறவர்கள் பலருடைய பட்டியலில் இந்த இரண்டு நாடுகளும் இருக்கும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பிரிட்டனில் கட்டணம் கடுமை, ஆனால் படிப்பு ஒரே வருடம். இரண்டாம் வருட வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். எது மலிவு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், அந்தப் பணம் எப்போது கையை விட்டுப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். என் கணிப்பில் பலரைத் தடுப்பது இந்த இரண்டாவது கேள்விதான்.

முதலில் மொத்தம். ஒரு மாணவருக்கு மாதம் எவ்வளவு தேவை என்று இரண்டு அரசுகளும் விசாவுக்காக ஒரு தொகை வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ, அதாவது வருடத்துக்கு 11,904. பிரிட்டனில் 2025 நவம்பரிலிருந்து லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,171.

ஜெர்மனியில் இரண்டு வருடத்துக்கு 23,808 யூரோ. செமஸ்டர்தோறும் கட்டும் சில நூறு யூரோவைச் சேர்த்தால் 25,000 யூரோவை ஒட்டி வரும். பிரிட்டனில் லண்டனுக்கு வெளியே, கல்விக் கட்டணம் 20,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வணிகம், கணினி போன்ற துறைகளில் 30,000 தாண்டுவதும் உண்டு. இது நடுத்தரக் கணக்குதான். பன்னிரண்டு மாதச் செலவு 14,052, விசா 524 (2025-ல் இருந்த கட்டணம்), மருத்துவ வசதிக்கான கூடுதல் கட்டணம் 1,164. மொத்தம் 35,740 பவுண்டு. யூரோவில் ஏறக்குறைய 41,000. ஆக, இரண்டு வருடம் படித்தாலும் ஜெர்மனிதான் மலிவு. ஒரு செமஸ்டர் இழுத்துக்கொண்டு போனால் இன்னும் 6,000 யூரோ ஆகும் (தீசிஸ் நேரத்தில் இது சகஜம்). அப்போதும் ஜெர்மனிக் கணக்கு கீழேதான் நிற்கும்.

எப்போது கட்டுகிறோம் என்பதில்தான் பெரிய வித்தியாசம். ஜெர்மனியில் முதல் வருடத்துக்கான 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் (மாதத்துக்கு ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கு) போட்டால் போதும். அது நம் பணம், மாதாமாதம் நமக்கே திரும்பி வரும். இரண்டாம் வருடத்துக்கான பணத்தைத் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது காட்டிக்கொள்ளலாம். பிரிட்டனில் நிலைமை வேறு. கட்டாமல் பாக்கியிருக்கும் கல்விக் கட்டணம் முழுவதும், அதோடு ஒன்பது மாதச் செலவுக்கான 10,539 பவுண்டும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். விசாக் கட்டணத்தையும் மருத்துவக் கட்டணத்தையும் விண்ணப்பிக்கும்போதே கட்டியாக வேண்டும். கூட்டிப் பார்த்தால் கிளம்புவதற்கு முன்பே 32,000 பவுண்டுக்கு மேல் திரட்ட வேண்டியிருக்கிறது. கடன் வாங்கிப் படிக்கிறவருக்கு இதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் பெரும்பாலான கடன்களில் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

சரி, ஜெர்மனியில் எல்லாம் சுகமா? இல்லை. 992 யூரோவில் முதல் வெட்டு மருத்துவக் காப்பீடு, மாதம் 140 முதல் 150 யூரோ. அந்த மாணவர் சலுகையும் 30 வயது வரைதான். தாண்டியவர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டும், அல்லது தனியார் காப்பீட்டைத் தேட வேண்டும். பிரிட்டனில் மருத்துவத்துக்கு முன்கூட்டியே கட்டிவிடுவதால் மாதச் செலவில் அது வராது. இரண்டு தொகைகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது வாடகை. லைப்ஸிக் போன்ற ஊரில் 992 யூரோவுக்குள் ஒரு மாணவர் கட்டுசெட்டாக வாழலாம். மியூனிக்கில் அந்தத் தொகையில் சமாளிப்பது கஷ்டம். மாணவர் விடுதியில் இடம் கிடைத்தால்தான் உண்டு, அதற்கும் காத்திருப்போர் வரிசை நீளம். வெளியே வீடு எடுத்தால் டெபாசிட்டாக மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. சமையலறையே இல்லாத வெற்று வீடுகளும் வாடகைக்கு வரும். அடுப்பும் தொட்டியும் குடிவருகிறவர் வாங்கிப் போட வேண்டும்! வானொலி, தொலைக்காட்சிக்கென்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வேறு. பார்க்கிறோமா கேட்கிறோமா என்பதெல்லாம் கணக்கில்லை. ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம், அது ஒரு ஆறுதல்.

இன்னொரு சிக்கல் முதல் மாதம். பிளாக்டு அக்கவுண்டில் பணம் இருக்கும், எடுக்க முடியாது. அங்கே போய் முகவரியைப் பதிவு செய்து, நடப்புக் கணக்கு தொடங்கிய பிறகுதான் அது வர ஆரம்பிக்கும். அதுவரை சாப்பாடு, டெபாசிட், முதல் வாடகை எல்லாம் கையிலிருந்துதான். காட்ட வேண்டிய தொகைக்கு மேல் இன்னும் 2,000 யூரோவாவது வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

பிரிட்டனில் வாடகைத் தலைவலி வேறு மாதிரி. இங்கிலாந்தில் டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் வீட்டுக்காரர்கள் பலர் உள்ளூரில் வசிக்கும் ஒரு ஜாமீன்தாரரைக் கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு யார் ஜாமீன் போடுவார்? பணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, அதுவும் செலவுதான். முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி (உள்ளாட்சி நிர்வாகம் வீட்டுக்கு விதிக்கும் வரி) கிடையாது என்பது நல்ல சலுகை. வேலைக்குப் போகிற ஒருவர் கூடக் குடிவந்தால் வீட்டுக்கு பில் வந்துவிடும்.

பார்ட் டைம் வேலையில் இரண்டு நாடும் கிட்டத்தட்ட சமம். பிரிட்டனில் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம். ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். சம்பளத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இனிமேல் தேடப்போகும் வேலையின் சம்பளத்தை பிரிட்டன் விசாவுக்குக் காட்ட முடியாது. அதோடு, ஒரு வருட மாஸ்டர்ஸில் வேலை தேடிப் பிடிப்பதற்குள் பாதிப் படிப்பு முடிந்திருக்கும்.

ஜெர்மனியிலும் கட்டணம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து அவர்களிடம் மாஸ்டர்ஸ் படிப்புக்கு, செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. நான்கு செமஸ்டருக்குப் பெருக்கினால் 'இலவசம்' 24,000 யூரோ வரை போகும்.

படிப்பு முடிந்த பிறகு பிரிட்டனில் இரண்டு வருடம் தங்கலாம் என்பது பெரிய ஈர்ப்பாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, முனைவர் பட்டம் பெற்றவர்களைத் தவிர, அது 18 மாதம்தான். ஜெர்மனி வேலை தேடத் தருவதும் 18 மாதம். பிரிட்டனில் மொழிச் சிக்கல் இல்லை. ஜெர்மனியில் ஆங்கிலத்திலேயே பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குப் போகும்போது ஜெர்மன் கேட்பார்கள். அந்த மொழியைப் படிக்க இரண்டு வருடம் கிடைக்கிறது என்றும் இதைப் பார்க்கலாம்.

பணம் மட்டும்தான் கவலை என்றால், கட்டணமில்லாத மாநிலத்தில், மியூனிக் அல்லாத ஊரில் ஜெர்மனிப் படிப்பைத்தான் நான் சொல்வேன். பிரிட்டன் பல்கலைக்கழகம் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் கதை மாறுகிறது. அப்போது மொத்தம் 25,740 பவுண்டு, ஏறக்குறைய 29,600 யூரோ. ஜெர்மனியைவிட 4,600 யூரோதான் கூடுதல். ஒரு வருடம் முன்னதாகவே வேலையில் சேர்கிறவர் அதைச் சில மாதச் சம்பளத்திலேயே எடுத்துவிடலாம்.