ஒரு பிக்சல் விளிம்பும் நான்கு ஆண்டு எக்ஸ்எஃப்சிஇ-யும்

மடிக்கணினியின் வன்தட்டு பழுதாகி, அதை மாற்றி டெபியன் லினக்ஸைப் புதிதாக நிறுவிக்கொண்டிருந்தபோது, தன்னுடைய பழைய கணினிக்கு எந்த டெஸ்க்டாப் (சாளரம், பட்டை, பட்டி எல்லாம் அடங்கிய திரைச் சூழல்) பொருந்தும் என்று நண்பர் கேட்டார். நான்கு ஆண்டுகளாக எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பிலேயே வேலை செய்பவன் தயங்காமல் பதில் சொல்லியிருக்க வேண்டும். என்னைத் தடுத்தது சாளரத்தின் விளிம்பு.

நான் வைத்திருக்கும் தீமில் (தோற்ற அமைப்பில்) அந்த விளிம்பு ஒரு பிக்சல் அளவுக்கு மெல்லியது. சாளரத்தைச் சற்று அகலமாக்க வேண்டுமென்றால், சுட்டியின் அம்பு இருதலை அம்பாக மாறும் அந்த நொடியிலேயே அழுத்தியாக வேண்டும்; மயிரிழை தவறினாலும் பின்னாலிருக்கும் சாளரம் முன்னால் வந்து நிற்கும். ஆல்ட் விசையை அழுத்தியபடி, சாளரத்திற்குள் எங்கு வேண்டுமானாலும் வலப் பொத்தானால் பிடித்து இழுத்தால் அளவு மாறும் என்பது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது. டிஃபால்ட்-எச்டிபிஐ தீமுக்கு மாறினால் விளிம்பு தடிக்கும்; தலைப்புப் பட்டையும் கூடவே பருத்துவிடுவதால் சிறிய திரையில் அதுவும் எனக்கு ஒத்துவரவில்லை.

மற்றபடி குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எக்ஸ்எஃப்சிஇ-யின் 4.12 பதிப்பு 2015-இல் வந்தது, 4.14 பதிப்பு 2019-இல்தான் வந்தது. அதற்குள், பொத்தான்களையும் பட்டிகளையும் வரையும் ஜிடிகே நிரலகம் 2-இலிருந்து 3-க்கு மாறியும் பட்டையும் பட்டியும் வைத்த இடத்திலேயே இருந்தன. அதன் கோப்பு மேலாளரான தூனாரில் நூறு படங்களைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால், அத்தனைக்கும் ஒரே மூச்சில் பெயர் மாற்றும் சாளரம் திறக்கும். அதற்காகவே இதை விடாமல் வைத்திருக்கலாம்.

நிறுவும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெபியன் நிறுவியின் பட்டியலில் க்னோம் என்ற வேறொரு டெஸ்க்டாப் ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். அந்த டிக்கை எடுக்காமல் எக்ஸ்எஃப்சிஇ-யையும் தேர்ந்தெடுத்தால் இரண்டும் வந்து இறங்கி, பட்டியில் இரண்டு கோப்பு மேலாளர்களும் இரண்டு டெர்மினல்களும் நிற்கும். 4 ஜிபி நினைவகத்தில் டெஸ்க்டாப் என்னவோ லேசாகத்தான் ஓடுகிறது. உலாவியில் இருபது தாவல்களைத் திறந்துவிட்டு அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நண்பரிடம், "எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், லுபுண்டு லினக்ஸிலேயே கிடைக்கும்" என்றேன். அதனுடன் வரும் ஓபன்பாக்ஸ் என்ற சாளர மேலாளரிலும் விளிம்பின் தடிமன் தீமைப் பொறுத்ததுதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்று காலை மட்டும் மூன்று முறை விளிம்பைத் தவறவிட்டிருந்தேன். என் புதிய வன்தட்டில் எக்ஸ்எஃப்சிஇ-தான் ஏறியிருக்கிறது.