நனைவது வேறு, மூழ்குவது வேறு: மிரர்லெஸ்ஸா, வாட்டர்புரூஃப் காம்பாக்ட்டா?

கேமரா வாங்கும் முன் மெகாபிக்சலை எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள். உங்கள் கேமரா நனையப் போகிறதா, மூழ்கப் போகிறதா? மழைத் தூறல், அருவிச் சாரல், படகில் போகும்போது தெறிக்கும் நீர், இவை நனைவதில் சேரும். முகமூடி மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டு எடுப்பது மூழ்குவது. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குகிறவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். நனைவதற்காக மட்டும் வாட்டர்புரூஃப் காம்பாக்ட் (நீர் புகாத, லென்ஸ் மாற்ற முடியாத சிறிய கேமரா) வாங்கினால் படத்தின் தரம் தேவையில்லாமல் போகிறது. மூழ்கும் எண்ணத்தோடு மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கினால் கேமராவே போய்விடலாம்.

ஒப்பிடுவதற்கு 2023-இல் வெளிவந்த இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7. ஒலிம்பஸ் பெயரில் வந்த டிஜி-6-இன் வாரிசு. பேட்டரியோடு 249 கிராம். 15 மீட்டர் ஆழம் வரை அப்படியே கொண்டுபோகலாம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், மைனஸ் 10 டிகிரிக் குளிரிலும் தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. மற்றொன்று கேனான் ஈஓஎஸ் ஆர்50. கூடவே வரும் 18-45 மி.மீ. லென்ஸோடு சேர்த்துச் சுமார் 505 கிராம். நுழைவுநிலை மிரர்லெஸ் எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல மாதிரி.

டிஜி-7-இன் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் தகடு, 1/2.3 அங்குல வகை, ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஆர்50-இல் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு, 22.3 × 14.9 மி.மீ. பரப்பில் 12 மடங்கு பெரியது. ஆகவே படமும் 12 மடங்கு நன்றாக இருக்கும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். சென்சார் பாதிக் கதைதான். லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது மீதி.

டிஜி-7-இன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/2 வரை திறக்கும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). ஆர்50-உடன் வரும் லென்ஸ் எஃப்/4.5-இல் தொடங்குகிறது. சென்சார் அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அகலக் கோணத்தில் ஆர்50 சேகரிக்கும் மொத்த வெளிச்சம் காம்பாக்ட்டைவிட இரண்டரை மடங்குதான். ஒன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). நல்ல பகல் வெளிச்சத்தில் எடுத்து அலைபேசித் திரையில் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. ஜூமை முழுக்க இழுத்தால் நிலைமை மாறும். டிஜி-7 அங்கே எஃப்/4.9-க்குச் சுருங்கிவிடுகிறது, ஆர்50-இன் லென்ஸ் எஃப்/6.3 என்றாலும் பெரிய சென்சாரால் ஏழு மடங்கு வெளிச்சம் வாங்குகிறது.

மிரர்லெஸ்ஸின் உண்மையான பலம், லென்ஸை மாற்ற முடியும் என்பதில் இருக்கிறது. அதே உடலில் ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டினால், காம்பாக்ட்டின் சிறந்த நிலையோடு ஒப்பிட்டாலும் ஏறத்தாழ 15 மடங்கு வெளிச்சம். விளக்கொளியில் ஓடியாடும் குழந்தை, மேடை நிகழ்ச்சி, பின்னணி மங்கிய முகப்படம் எல்லாம் அப்போதுதான் கைகூடும். ஆகவே பெட்டியோடு வரும் லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டுவது திட்டமென்றால், மிரர்லெஸ்ஸுக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கும் மேல் பயன்படாமல் கிடக்கிறது. உடலையும் ஒரு வேகமான நிலைக்குவிய லென்ஸையும் (ஜூம் இல்லாத, அதிக வெளிச்சம் விடும் லென்ஸ்) சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

ஃபோகஸிலும் இதே போன்ற இடைவெளி உண்டு. டிஜி வரிசை கான்ட்ராஸ்ட் முறையில் குவிக்கிறது: லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவைத் தேடும். நிற்கும் பொருளுக்குப் போதும், பறக்கும் பறவைக்குப் போதாது. ஆர்50 சென்சாரிலேயே ஃபேஸ் டிடெக்ஷன் வைத்திருப்பதால் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று தெரிந்தே நகர்கிறது. கண்ணைக் கண்டுபிடித்து விடாமல் பின்தொடர்கிறது. காம்பாக்ட்டில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் கிடையாது. உச்சி வெயிலில், வெள்ளை மணலில் நின்று திரையைப் பார்த்துச் சட்டகம் அமைப்பது குத்துமதிப்பு வேலைதான்.

காம்பாக்ட் தண்ணீருக்கு வெளியிலும் மிரர்லெஸ்ஸைத் தோற்கடிக்கும் இடம் ஒன்று உண்டு: மிக அருகில் எடுக்கும் படங்கள். டிஜி-7-இன் மைக்ரோஸ்கோப் முறையில் லென்ஸ் முனையிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருக்கும் பொருளைக்கூடக் குவிக்கலாம். எறும்பின் கூட்டுக்கண், மகரந்தத் துகள், நாணயத்தின் கீறல் எல்லாம் சட்டகத்தை நிறைக்கும். மற்ற இடங்களில் குறையாக இருக்கும் சின்ன சென்சார், இங்கே அதிக ஆழத்துக்குத் தெளிவு தந்து கைகொடுக்கிறது. ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த படங்களைக் கேமராவுக்குள்ளேயே ஒன்றாகச் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. மிரர்லெஸ்ஸில் இதைச் செய்யத் தனி மேக்ரோ லென்ஸ், பெரும்பாலும் ஒரு முக்காலி, பொறுமை மூன்றும் வேண்டும். ஒரே சிக்கல், 1 செ.மீ. தூரத்தில் கேமராவின் நிழலே பொருள்மேல் விழுந்துவிடும். அதற்கு எல்ஜி-1 என்ற வளையம் வருகிறது: கேமராவின் எல்இடி விளக்கொளியை லென்ஸைச் சுற்றிப் பரப்பித் தரும். பூச்சி, பூ, படிகம் என்று அலைபவர்கள் அதையும் கேமராவோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இனி தண்ணீர். 15 மீட்டர் என்ற எண்ணைப் பார்த்ததும் டைவிங்குக்கே போதும் என்று தோன்றும். ஸ்கூபா பயிற்சியில் தொடக்கநிலை ஓப்பன் வாட்டர் சான்றிதழே 18 மீட்டர் வரை இறங்க அனுமதிக்கிறது. அடுத்த நிலையில் 30 மீட்டர். ஆக, புதிதாகக் கற்றவர்கூட இந்தக் கேமராவின் எல்லையைத் தாண்டிவிடுவார். ஸ்நார்கெலிங், நீச்சல், கயாக் போன்றவற்றுக்கு டிஜி-7 தாராளம். டைவிங்குக்கு பிடி-059 ஹவுஸிங் (நீர் புகாத வெளிக்கூடு) வேண்டும். அதற்குள் போட்டால் 45 மீட்டர் வரை போகலாம்.

ஆழ அளவு அசையாத நீரின் அழுத்தத்துக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். கேமராவைப் பிடித்துக்கொண்டு உயரத்திலிருந்து குதித்தாலோ, அலை ஓங்கி அறைந்தாலோ, குழாய் நீரை மூடிமேல் பீய்ச்சினாலோ கண நேரத்துக்கு அதைவிட அதிக அழுத்தம் ஏறலாம். தண்ணீருக்குள் இறங்கிவிட்டு, பிறகு கேமராவைக் கையில் வாங்குவதே சரி.

இந்தக் கேமராக்கள் செத்துப்போவது பெரும்பாலும் ஆழத்தால் அல்ல, மூடியால். டிஜி-7-இல் இரண்டு மூடிகள்: பேட்டரியும் மெமரி கார்டும் இருக்கும் அடிப்பக்க மூடி, யூஎஸ்பி இருக்கும் பக்க மூடி. இரண்டின் ஓரத்திலும் ரப்பர் சீல். அதன்மேல் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள், துவைத்த துணியின் ஒரு இழை கிடந்தால் போதும், நீர் உள்ளே வர வழி கிடைத்துவிடும். இறங்கும் முன் இப்படிச் செய்யுங்கள்: காற்றில்லாத, மணலில்லாத இடத்தில் மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்து சீலைச் சுற்றிலும் பாருங்கள். இழை உதிராத துணியால் சீலையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடையுங்கள். மூடிவிட்டு இரண்டாவது பூட்டும் விழுந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். சன்ஸ்கிரீன் தடவிய கையோடு சீலைத் தொடாதீர்கள். பேட்டரியை வெளியே எடுத்துத் தனி சார்ஜரில் ஏற்றும் பழக்கம் நல்லது. பக்க மூடியைத் திறக்கவே தேவையிருக்காது, கவலைப்பட ஒரு மூடி குறைகிறது.

கடலிலிருந்து ஏறியதும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். உப்பு காய்ந்து படிகமாகிவிட்டால் சீலை அரிக்கும், பொத்தான்களை இறுக்கும். ஊறும்போதே ஒவ்வொரு பொத்தானையும் நாலைந்து தடவை அழுத்திவிடுங்கள். பிறகு துணியால் ஒற்றி, நிழலில் முழுக்க உலர்ந்த பிறகே திறக்க வேண்டும். சீல்களை ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸில் மாற்றுவது கட்டாயச் செலவு. பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மூன்றாவது கோடையில் நீர் புகுந்ததும் கேமராவைத் திட்டுகிறார்கள்.

லென்ஸுக்குள் பனி படர்வது வேறு தொல்லை. அது கசிவு அல்ல. ஈரமான காற்றில் மூடியைத் திறந்து மூடினால் அந்த ஈரமும் உள்ளே அடைபட்டுவிடும். வெயிலில் காய்ந்த கேமராவைக் குளிர்ந்த நீரில் இறக்கியதும் அந்த ஈரம் கண்ணாடியில் திவலையாகப் படியும். பேட்டரி, கார்டு மாற்றுவதை ஏசி அறை போன்ற உலர்ந்த இடத்தில் முடித்துவிடுங்கள். கேமராவை வெயிலில் போடாதீர்கள்.

மிரர்லெஸ் பக்கம் வந்தால், "வெதர் சீல்டு" என்ற சொல்தான் அதிகம் ஏமாற்றுகிறது. ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 போன்றவை ஐபி53 (தூசி, நீர்த் தடுப்பைக் காட்டும் எண்) தரச்சான்று பெற்றவை. அந்த 3 என்ற எண்ணுக்குப் பொருள், மேலிருந்து 60 டிகிரி வரை சாய்வாக விழும் சாரலைத் தாங்கும் என்பதுதான். மூழ்குவதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் பாதுகாப்பும் சீல் வைத்த லென்ஸ் மாட்டியிருந்தால்தான். ஓஎம்-5-இல் 12-45 மி.மீ. எஃப்/4 புரோ போட்டால் மழையில் நிற்கலாம், சீல் இல்லாத மலிவு லென்ஸ் போட்டால் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) வழியாகவே நீர் இறங்கும். ஆர்50-இல் இந்தப் பாதுகாப்பே கிடையாது. அதற்கு ஒரு மழை உறையும், துடைக்க ஒரு பருத்தித் துண்டும் பையில் இருக்கட்டும். மழையில் லென்ஸை மாற்றவே கூடாது.

மிரர்லெஸ்ஸைத் தண்ணீருக்குள் கொண்டுபோக ஹவுஸிங் உண்டு. ஆனால் அது அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும். அலுமினிய ஹவுஸிங்கின் விலை கேமரா உடலின் விலையைத் தாண்டுவது சாதாரணம். மேலும் அகலக் கோண லென்ஸுக்குக் குவிமாடப் போர்ட் (லென்ஸ் முன் வரும் கண்ணாடி முகப்பு), மேக்ரோவுக்குத் தட்டைப் போர்ட் என்று தனித்தனியாக வாங்க வேண்டும். கேமராவை மாற்றினால் ஹவுஸிங்கும் மாறும். மாதத்தில் பல நாள் டைவிங் போகிறவருக்குத்தான் இந்தச் செலவு தகும்.

எந்தக் கேமராவாக இருந்தாலும் தண்ணீருக்குள் விதிகள் வேறு. தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது நீரின் ஒளிவிலகலால் காட்சி மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். டிஜி-7-இன் 25 மி.மீ. (முழுச் சட்டகக் கேமரா கணக்கில்) கோணம் 33 மி.மீ. போலக் குறுகிவிடும். சில மீட்டர் இறங்கியதுமே சிவப்பு வெளியேறி எல்லாம் நீலப்பச்சையாகும். ரா கோப்பில் (சென்சார் தரும் தரவை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுங்கள், அண்டர்வாட்டர் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) வையுங்கள், பொருளுக்கு ஒரு மீட்டருக்குள் நெருங்குங்கள். தொலைவிலிருந்து ஜூம் செய்தால் இடையில் இருக்கும் நீரின் மங்கலும் சேர்ந்தே பெரிதாகும். கலங்கிய நீரில் கேமராவின் சொந்த ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மிதக்கும் துகள்கள் எல்லாம் பனிமழை போல வெள்ளைப் புள்ளிகளாகும்.

ஒரே ஒரு கேமராதான் வாங்க முடியும், தண்ணீருக்குள் தலைவிடுவது வருடத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் என்றால், மிரர்லெஸ்ஸையே எடுங்கள். அந்த நாட்களுக்கு ஒரு வாட்டர்புரூஃப் காம்பாக்ட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் நீச்சல், துடுப்புப் படகு, கடற்கரைக் குளங்கள் என்று இருப்பவருக்கும், பூச்சி உலகில் மூழ்கியவருக்கும் டிஜி-7 சரியான துணை. நல்ல அலைபேசி ஏற்கெனவே கையில் இருந்து, நிலத்தில் பகலில் படமெடுக்க மட்டும் ஒரு காம்பாக்ட் தேடுகிறீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம். பல அலைபேசிகளின் பிரதான சென்சார் இதைவிடப் பெரியது.

பழைய கேமரா வாங்குவதிலும் இரண்டும் ஒன்றல்ல. பயன்படுத்திய மிரர்லெஸ்ஸைத் தைரியமாகப் பார்க்கலாம்: மவுண்டில் கீறல் உண்டா, எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் புள்ளி தெரிகிறதா, ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று சோதித்தால் பெரும்பாலும் போதும். பயன்படுத்திய வாட்டர்புரூஃப் கேமராவில் அப்படிச் சோதிக்க வழியில்லை. எத்தனை முறை கீழே விழுந்தது, சீலுக்கு வயது எத்தனை என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. தயாரிப்பு நின்றுபோன நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ300 30 மீட்டர் தாங்கும் என்ற ஆசையில் இன்னும் தேடப்படுகிறது. அந்த 30 மீட்டர் புதிய சீலுக்குச் சொன்ன கணக்கு. சீலை மாற்றித் தர இப்போதும் சர்வீஸ் உண்டா என்று உறுதிசெய்துகொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள்.